ஒன்றுக்கு நூறு

முத்தையன்கட்டு இடதுகரை, விடிய ஐந்தரை.
நாற்பத்தொரு எருமை, இருபது ரியூப்,
ஒரு ஐஸ் பெட்டி.
பெட்டிக்குள் ஐஸ் இல்லை,
ஒட்டுசுட்டான் கடையில் உறையவைத்து வாங்கிய
தண்ணீர்ப் பைக்கற்றுகள்.

அரியகுட்டியர் கொம்பைப் பிடிக்கிறார்.
"பயப்பிடாதை பிள்ளை" என்கிறார்.
எனக்கா, எருமைக்கா தெரியவில்லை.
கழுத்து நாளத்தில் ஊசி இறங்க
கறுத்துத் தடித்து ஏறுகிறது ரத்தம்.
உள்ளங்கையில் ரியூப் சுடுகிறது.

படிவத்தில் பதினேழாவது கேள்வி:
இவ்விலங்கு எவ்வாறு பெறப்பட்டது?
அவர் பின்தொடையைக் காட்டுகிறார்.
குறிசுட்ட தழும்பு, சி.வே.
அதன் கீழே, பிறகு சுட்டது, அ.

"சண்டை முடிஞ்சு வரேக்கை
கன்றாய்க் காட்டுக்கை நிண்டது.
சி.வே. ஆரெண்டு ரெண்டு வரியம் தேடினன்."

வாங்கியது, வளர்த்தது, நன்கொடை.
கட்டங்கள் அவ்வளவுதான்.
'பிற' என்பதில் புள்ளடி போட்டேன்.

மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு
இந்த வாய்க்காலில் மூன்று பேர் விழுந்தார்கள்.
மூன்றாமவன் நிரோஜிதன்,
அரியகுட்டியரின் மருமகன்,
அறுவடை மெஷின் ஓட்டியவன்.
டெங்கு என்று இரண்டு நாள் போனது.
கண் சிவந்து, பிறகு மஞ்சளித்து,
ஐந்தாம் நாள் சலம் நின்றது.

"எலிக்காய்ச்சலாம்" என்றாள் தவறூபி,
"எங்கடை வீட்டிலை எலியே இல்லை அக்கா."
மானத்தைக் காப்பவள் போலச் சொன்னாள்.
எலி மட்டுமில்லை என்று
நான் சொல்லவில்லை.
அவள் பின்னால் தயிர்ச்சட்டிகள்
வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தன.

இருட்புல நுண்ணோக்கியில் குனிந்தால்
ஆகாயம் மாதிரிக் கறுப்பு.
அதில் வெள்ளி நூல்கள் துடிக்கின்றன,
நுனி வளைந்து, கேள்விக்குறிபோல.
எருமைச் சீரத்தின் ஒரு துளி விட்டால்,
முன்பு சந்தித்திருந்தால்,
ஒன்றையொன்று பிடித்துக் கட்டிபடும்.
எருமை மறந்திருக்கும்,
ரத்தம் மறக்கவில்லை.

இருபதில் பதினொன்று.
சி.வே.யும் அதில் உண்டு.

பெர்னடெற் தாளைத் திருப்பினாள்.
"இருபத்தொண்டு ஆற்றை?"
என்னுடையது. நோயில்லாதவர் ஒருவர் வேண்டுமென்று
ஒப்புக்கு நானே கொடுத்தது.
ஒன்றுக்கு நூறு.

அது எல்லைக்கோடு.
உண்டு என்றும் சொல்லலாம்,
இல்லை என்றும்.
கையுறை கிழிந்த அந்த வியாழக்கிழமையாய் இருக்கலாம்.
அல்லது பதினைந்து வருசத்துக்கு முந்திய
மாத்தளன் மணலில், பங்கருக்குள்,
முழங்கால் தண்ணீரில்
நானும் தம்பியும் காய்ந்து கிடந்த கிழமையாய்.
நான் எழும்பினேன்.
அவனுக்கு வந்தது என்னவென்று கேட்க
அப்போது படிவம் எதுவும் இருக்கவில்லை.
வருத்தம் என்று மட்டும் சொன்னோம்.

"ரெண்டு கிழமையாலை திரும்ப எடுப்பம்" என்றாள்.
ஏறினால் புதிசு. அப்படியே நின்றால் பழசு.

அதற்கிடையில் இடதுகரைக்குப் போனேன்.
பாலில் பிழையில்லை, தண்ணீரில்தான் என்றேன்.
பட்டியை வாய்க்காலுக்கு மேலே கட்ட வேண்டாம்,
வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டாம்,
கிழமைக்கு இரண்டு குளிசை.
அரியகுட்டியர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.
கடைசியில் கேட்டார்:
"என்ரை மாடோ பிள்ளை குடுத்தது?"

தெரியாது ஐயா என்றேன்.
அது உண்மைதான்.
உண்மை சொல்லியும் வாய் கசந்தது.
அவர் போய் சி.வே.யின் கழுத்தைத் தடவிக்கொண்டு
கனநேரம் நின்றார்.

பதினான்காம் நாள்.
கையை நீட்டுகிறேன், பெர்னடெற் நாடாவைக் கட்டுகிறாள்.
புதிசென்றால் குளிசையோடு போய்விடும்.
அதைத்தான் விரும்ப வேண்டும்.

ஏறக் கூடாது, ஏறக் கூடாது என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
நின்றால்,
அவனுடைய காய்ச்சலுக்கு
ஒரு பெயராவது இருக்கலாம்.